கேட்டு வாங்கிய பதவி

பேஸ்பால் கிளப்புகளில் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால்தான் முகம் கறுக்கும். பதவிப் பெயரைக் கூட்டிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பித்தளைத் தகடும் ஒரு கட்டு விசிட்டிங் கார்டும்தானே செலவு. அதனால்தான் எங்கள் பஃபலோ நகர அலுவலகத்தின் இரண்டாம் மாடி முழுக்க இயக்குநர்களும் முதுநிலை இயக்குநர்களும் முட்டிக்கொண்டு நடக்கிறார்கள். காபி இயந்திரம் ரிப்பேரானால் போய்ப் பார்க்கிற அளவுக்குச் சின்னப் பதவியில் அங்கே ஆள் கிடையாது.

இந்தப் பெயர்ப் பைத்தியம் எனக்கு இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஒருமுறைகூடக் கிடைக்காதவளுக்கு இருக்கிற பசி அது.

என் பெயர் வாண்டா ஷிமன்ஸ்கி. மற்ற அணிகளின் ஆட்டக்காரர்களைப் பார்த்து, யாரை வாங்கலாம், யார் இருக்கும் திசைக்கே போகக்கூடாது என்று சொல்வது என் வேலை. பதவி, துணை இயக்குநர். ஒன்பது வருஷமாக அதே தகடு. என் அறிக்கையை வைத்துத்தான் எங்கள் கிளப் ஆள் வாங்கியது, ஆள் விற்றது. ஆனால் பேரம் நடக்கும் அறையில் எனக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நான் உள்ளே போவேன், நின்றபடியே சொல்ல வேண்டியதைச் சொல்வேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன். பிறகு எங்கள் பொது மேலாளர் பிரெண்ட் ஹால்டேன் தலையை நிமிர்த்தி, "தேங்க்ஸ் வாண்டா" என்பான். வெளியே போ என்று அதற்கு அர்த்தம். நான் வெளியே வந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும்.

உள்ளே நான்கு ஆண்கள் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். அதில் ஒருவன் கீத் ஆஸ்ட்ராண்டர். நான் வேலைக்கு எடுத்த பையன். பந்து வீசுகிறவனின் தோளை எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்லிக் கொடுத்தவன். அவன் பொது மேலாளரின் தனி உதவியாளன் ஆகிவிட்டான், அதனால் கதவு சாத்தும்போது அவன் உள்ளே. எனக்கு இந்தத் தொழிலில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கதவு சாத்தும்போது நான் உட்பக்கம் இருக்க வேண்டும். நாற்பத்தி நாலு வயதாகிவிட்டது, அதைத் தவிர வேறு ஆசை எதுவும் பாக்கியில்லை.

அதற்கு ஒரு வழி திறந்திருந்தது. மார்செல் ஃபான்டெனோ. பக்கத்து மேஜைக்காரன், என் சாப்பாட்டில் கைவைக்கிற உரிமை உள்ள ஒரே ஆள். போன வருஷம் நாஷ்வில் கிளப் அவனைப் பொது மேலாளராகக் கொண்டுபோனது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"அங்க உதவிப் பொது மேலாளரா இருக்குற பெரியவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகுறாரு. அந்த நாற்காலி உனக்குத்தான். வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். வீட்ல சொல்லி வை."

"சும்மா போற போக்குல சொல்லிட்டுப் போகாத. நான் நெசமாவே நம்பிருவேன்."

"நம்பு. அதுக்குத்தான் சொல்றேன்."

வீட்டில் சொன்னேன். என் கணவர் ரஸ் மாநகரப் பஸ் டிப்போவில் மெக்கானிக். "நாஷ்வில்ல பஸ் ஓடாதா என்ன?" என்று அவ்வளவுதான் கேட்டார். அன்றிலிருந்து போனில் அந்த ஊர் வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தார். பனி அள்ள வேண்டாத வாசல் என்று ஒவ்வொன்றாக என்னிடம் காட்டுவார். நான் பார்க்காத மாதிரி பார்ப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு கிளப்பின் ஆளை இன்னொரு கிளப் நேராகக் கூப்பிட்டுப் பேசக் கூடாது. பெண் கேட்டு வருவது மாதிரிதான். வீட்டுப் பெரியவரிடம் முதலில் கேட்க வேண்டும், அவர் சரி என்றால்தான் பெண்ணிடம் பேச்சு. வருகிற வேலை இப்போது இருப்பதைவிட ஒரு படி மேலே என்றால் தடுக்கிற வழக்கமில்லை, தடுத்தால் ஊரே காறித் துப்பும். அதே படி என்றால் முடியாது என்று சொல்லிவிடலாம். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அதனால் சீசன் முடிந்த அக்டோபர் மாதம் முழுக்க நான் பிரெண்ட்டின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்செல் கேட்டிருப்பானா, கேட்டிருந்தால் இவன் எப்போது சொல்வான். காரிடாரில் அவன் சிரித்தால் ஒரு கணக்கு, சிரிக்காவிட்டால் ஒரு கணக்கு. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ரஸ்ஸின் முகத்தைக்கூட நான் இப்படிப் படித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் பிரெண்ட் கூப்பிட்டான். என்னைவிட ஆறு வயது சின்னவன். யாரையும் பேர் சொல்லி, ஆனால் 'நீங்க' போட்டுப் பேசுவான். அந்த மரியாதையில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய.

"உக்காருங்க வாண்டா. ரொம்ப நாளா ஒரு விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு."

"எனக்கும் ஒண்ணு உறுத்திட்டுத்தான் இருக்கு. ரெண்டும் ஒண்ணான்னு பாப்போம்."

சிரித்தான். "உங்களுக்கு நாங்க நியாயமா நடந்துக்கல. அத இன்னைக்கே சரி பண்ணணும்னு நெனைக்கிறேன். இனிமே நீங்க சீனியர் டைரக்டர்."

எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். நாஷ்வில் என்ற வார்த்தைக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அடுத்து வந்தது கோபம். கீத்துக்குப் பிறகு சேர்ந்த ஒரு பையன், சட்டையை இன்னும் அம்மா தேய்த்துக் கொடுக்கிறவன், அவனும் முதுநிலை இயக்குநர்தான். ஒன்பது வருஷம் கழித்து என்னைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள்.

ரஸ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "அவன் மொதல்ல சொல்றத வாங்கிட்டு வந்துராத. ஆஸ்பத்திரி கேன்டீன்ல தட்ட நீட்டிட்டு நிக்கிற மாதிரி நிக்கிற நீ. கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவ?" அந்தக் குரல் அன்றைக்குக் காதுக்குள் கேட்டது.

"சீனியர் டைரக்டர் வேண்டாம் பிரெண்ட்."

"வேற?"

"வைஸ் பிரசிடென்ட்."

சொன்ன பிறகு எனக்கே பக்கென்றது. அவன் பேனாவை எடுத்தான், மூடியைத் திறந்தான், மறுபடி மூடினான். ஜன்னல் வழியாக வெறும் மைதானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவ்வளவு அழகாக நடிக்கிறவன் ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பிழைக்க வந்தது சினிமாவுக்கு நஷ்டம்.

"அது என் கையில மட்டும் இல்ல வாண்டா. ஓனரம்மா ஒத்துக்கணும்."

"கேட்டுப் பாருங்க."

"இப்போதைக்குச் சம்பளம் ஏறாது."

"நான் சம்பளம் கேக்கல."

இந்தப் பதிலை எண்ணி அன்று முழுக்க நான் பெருமைப்பட்டேன். நல்ல வசனம் பேசிவிட்டேன் என்று கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் அந்தக் கண்ணாடியை உடைக்கலாம் போலிருக்கிறது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கூப்பிட்டான். ஓனரம்மா ஒத்துக்கொண்டுவிட்டார். மூன்று வருஷ ஒப்பந்தம் அச்சாகித் தயாராக மேஜையில் இருந்தது. எங்கள் சட்டப் பிரிவு ஒரு லீவு விண்ணப்பத்துக்கே வாரக்கணக்கில் யோசிக்கும். அரை நாளில் ஒப்பந்தம் வந்தது எனக்கு அன்றைக்கு மரியாதையாகப் பட்டது.

"பேரம் பேசுறதுல பெரிய ஆளு நீங்க. தெரியாமப் போச்சு எனக்கு" என்றான் பிரெண்ட்.

கையெழுத்துப் போட்டேன். வெளியே கேக் வந்திருந்தது. இரண்டாம் மாடியே எழுந்து நின்று கைதட்டியது. கீத் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "உங்களுக்கு எப்பவோ வந்திருக்கணும்" என்றான். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டு ரஸ்ஸைக் கூப்பிட்டேன்.

"வைஸ் பிரசிடென்ட். நானே கேட்டு வாங்கினேன்."

"கேட்டியா? வாயத் தொறந்தா கேட்ட?"

"தொறந்துதான் கேட்டேன்."

"அப்ப இனிமே வீட்ல துணைத் தலைவரம்மாதான். தட்ட யாரு கழுவுறது?"

"துணைத் தலைவரம்மாதான். நீங்க மெக்கானிக்குத்தானே, அந்தக் குழாய சரி பண்ணுங்க மொதல்ல."

அவர் சிரித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "அந்த நாஷ்வில்?" என்றார்.

"வந்தா வரட்டும். வைஸ் பிரசிடென்ட்டா இருக்கறவளைத்தான் இன்னும் மதிச்சுக் கூப்பிடுவாங்க" என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். இருபது வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவள்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. கிளப்பின் சரித்திரத்தில் முதல் பெண் துணைத் தலைவர் என்று போட்டிருந்தார்கள். லாக்கவானாவில் இருக்கும் என் அக்கா எங்கள் போலந்துக் கொழுக்கட்டையான பியரோகியை ஒரு பெட்டி நிறையச் செய்து கொண்டுவந்து கொடுத்து, படத்தில் நான் குண்டாகத் தெரிவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு பேரம் வந்தது. பேரம் நடக்கும் மூன்றாம் மாடி அறைக்குப் போனேன், இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அறிக்கையைச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். பிரெண்ட் தலையை நிமிர்த்தினான்.

"தேங்க்ஸ் வாண்டா."

நான் அசையவில்லை. அவன் சிரித்த முகத்தோடு காத்திருந்தான். மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். யாரும் போ என்று சொல்லவில்லை, யாரும் இரு என்றும் சொல்லவில்லை. ஒரு மனுஷியால் எவ்வளவு நேரம் அப்படி உட்கார முடியும். எழுந்து வந்தேன். நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைத்துவிட்டு வேறு வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் இன்னொரு கேக் வந்தது. கீத் போகிறான். நாஷ்வில் கிளப்புக்கு, உதவிப் பொது மேலாளராக.

மார்செல் எனக்கென்று சொன்ன நாற்காலி. கீத்துக்குக் கை கொடுத்தேன், வாழ்த்தினேன், கேக்கும் தின்றேன். வீட்டுக்கு வந்து ரஸ்ஸிடம், "ஆம்பளைங்க சொன்ன வார்த்தைக்கு அவ்வளவுதான் மரியாதை" என்றேன். அவரும் ஆம்பளைதான் என்பதை மறந்துவிட்டேன். அன்றைக்கு மார்செலிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது: 'ஒருதடவை பேசலாமா?' எதற்குப் பேச வேண்டும், சமாதானம் சொல்லவா. நான் பதில் போடவில்லை.

டிசம்பரில் எல்லா கிளப்புகளும் ஒரே ஓட்டலில் கூடுகிற கூட்டம். அந்த வருஷம் சான் அன்டோனியோவில் நடந்தது. ஆட்டக்காரர்களை மாடியில் வாங்கி விற்பார்கள், கீழே லாபியில் வேலை தேடி வருகிற இளம் பிள்ளைகள் புது கோட்டும் கடிக்கிற ஷூவுமாக நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். யாராவது ஒரு பொது மேலாளர் லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்தால் போதும், அந்தப் பக்கமே சாய்வார்கள். எங்கள் கிளப் சார்பில் அவர்களை நேர்காணல் செய்ய என்னைப் போட்டிருந்தான் பிரெண்ட். "பேனர்ல உங்க முகத்தப் பாத்துட்டு வருவாங்க" என்றான். நிஜமாகவே ஒரு பேனர் அடித்து என் தலைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

காலை முழுக்க உட்கார்ந்து, எந்த வேலையானாலும் செய்வேன் என்று சொன்னவர்களையெல்லாம் கேட்டு முடித்து காபி எடுக்கப் போனபோது மார்செல் எதிரே வந்து நின்றான். ஒரு வருஷத்தில் கொஞ்சம் நரைத்திருந்தான்.

"பெரிய பதவிக்காரங்க பழைய ஆளுக்கெல்லாம் பதில் போட மாட்டாங்க போல."

"கீத் நல்லா இருக்கானா?" என்றேன்.

"இருக்கான். கெட்ட பையன் இல்ல. ஆனா நான் கேட்ட ஆள் அவன் இல்லியே."

"பின்ன யாரக் கேட்ட?"

அவன் என்னையே பார்த்தான். நான் கிண்டல் செய்கிறேனா என்று பார்க்கிற பார்வை. பிறகு காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வாண்டா. ஒனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"ஒன்னத்தான் கேட்டேன். அக்டோபர்ல. புதன்கெழம சாயங்காலம் பிரெண்ட்டக் கூப்பிட்டு மொறையாக் கேட்டேன். மறுநாள் சாயங்காலம் பதில் சொன்னான். வாண்டா இப்ப எங்க வைஸ் பிரசிடென்ட், நீ குடுக்கறதும் அதே படிதான், விட முடியாது, வேணும்னா கீத்தக் கூட்டிட்டுப் போன்னான். நான் என்ன நெனைப்பேன் சொல்லு. நான் கேட்டதக் காட்டி நீ அங்கயே மேல ஏறிட்டன்னு நெனச்சேன். கோவந்தான். ஆனாலும் ஒனக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

"நான் வியாழக்கெழம மத்தியானம் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மார்செல், அவன் எனக்கு மொதல்ல சீனியர் டைரக்டர்தான் குடுத்தான்."

"அத எடுத்திருந்தா அவனால தடுத்திருக்க முடியாது. நான் குடுக்கறது அதவிட ஒரு படி மேல. நீ நாஷ்வில் வந்திருப்ப."

"நான்தான் வைஸ் பிரசிடென்ட் கேட்டேன்."

மார்செல் என் தோளைத் தொட்டான், நான் விலகிக்கொண்டேன். அவன் மேல் கோபமில்லை, தொட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். புது கோட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று, இரண்டு பெரிய தலைகள் ஏதோ பெரிய பேரம் பேசுகின்றன என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேராக மாடிக்குப் போனேன். பிரெண்ட் தன் அறையில் தனியாக முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை.

"மார்செல் என்னைக் கேட்டானா?"

முள்கரண்டி நிற்கக்கூட இல்லை. "கேட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு எந்த விதியிலயும் இல்லியே வாண்டா."

"தெரிஞ்சேதான் எனக்கு அந்தப் பதவியக் குடுத்தீங்க."

"நான் எங்க குடுத்தேன்? நான் குடுத்தது சீனியர் டைரக்டர். நீங்கதான் அது வேண்டாம்னீங்க. நீங்களேதான் கேட்டீங்க."

"நான் அதையே எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இப்போதுதான் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை, அதுதான் எரிச்சல். தன் வேலையை ஒழுங்காகச் செய்த மனுஷனின் திருப்தி தெரிந்தது.

"எடுக்க மாட்டீங்கன்னு தெரியும். அந்தச் சின்னப் பையன் பக்கத்துல உங்கள உக்கார வச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆளுங்களப் பாக்கறதுதானே நம்ம வேல. உங்கள மாதிரி ஒரு ஆள விட்டுட்டு நான் யார வச்சு ஓட்டுறது? இதப் பாராட்டா எடுத்துக்கணும் நீங்க."

மற்ற அணிக்காரர்களை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். இவன் எதற்கு ஆடுவான், எந்தப் பந்துக்கு ஏமாறுவான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இவன் என்னை அப்படிப் பார்த்திருக்கிறான். நான் எந்தப் பந்துக்கு மட்டையை வீசுவேன் என்று தெரிந்து அதையே போட்டிருக்கிறான். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

"சரி. என்னை இறக்குங்க" என்றேன்.

"என்ன?"

"வைஸ் பிரசிடென்ட் வேண்டாம். பழையபடி துணை இயக்குநராப் போடுங்க. மார்செல் இல்லேன்னா இன்னொருத்தன் கேப்பான், நான் போறேன்."

அவன் கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "இந்தத் தொழில்ல யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. வாண்டா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பேப்பர்ல வந்தாச்சு. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் உங்க படம் அனுப்பியிருக்கோம். கீழ பேனர் நிக்குது. மொத மொதலா ஒரு பொம்பளைய வைஸ் பிரசிடென்ட் ஆக்கிட்டு, ரெண்டு மாசத்துல எறக்கினா ஊர் என்னைப் போட்டு மிதிச்சிரும்."

"அப்ப வேலைய விடறேன்."

"விடலாம். ஆனா ஒப்பந்தம் முடியற வரைக்கும் வேற கிளப்புக்குப் போக முடியாது. படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க."

படிக்கவில்லை. பதவிப் பெயர் எந்த வரியில் இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருக்கிறார்களா என்று மட்டும்தான் பார்த்தேன்.

அறைக்கு வந்து ரஸ்ஸுக்குச் சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"நான்தான் உன்னைத் தூண்டி விட்டேன்" என்றார்.

"நீங்க கேக்கச் சொன்னீங்க. எதைக் கேக்கணும்னு நான்தானே முடிவு பண்ணேன்."

"அவன மூக்குல ஒரு குத்து விடட்டா? எனக்கு ஒப்பந்தம் எதுவும் கெடையாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவர் காத்திருந்துவிட்டு, "எப்படியும் நாஷ்வில்ல வெயில் ஜாஸ்தி. எனக்கு ஒத்துக்காது" என்றார். ஒரு வருஷமாக அந்த ஊரில் வாசல் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். என்னை யாரும் இவ்வளவு அன்பாக ஏமாற்றப் பார்த்ததில்லை, அதனால் இன்னும் அதிகமாக அழுதேன்.

ஜனவரியில் கிளப் நடத்துகிற விருந்து. சீசன் டிக்கெட்காரர்கள், விளம்பரம் கொடுக்கிறவர்கள், உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் ஒரு மேஜை நிறைய. வெளியே முழங்கால் உயரப் பனி. எங்கள் ஓனரம்மா லெனோர் வான் ஹூட்டன் எழுபது வயதுக்காரர், நல்ல மனுஷி, யாருக்கும் தெரிந்து கெடுதல் நினைக்க மாட்டார். கோழி வறுவல் தட்டுகளை எடுத்த பிறகு மைக்கைப் பிடித்தார். அணியைப் பற்றிப் பேசினார், புது இருக்கைகளைப் பற்றிப் பேசினார். பிறகு என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். எதற்கென்று தெரியாமல் போய் நின்றேன்.

"பொண்ணுங்க நாம கேக்கறதில்ல" என்றார் அந்தப் பிள்ளைகளின் மேஜையைப் பார்த்து. "யாராவது பாத்துக் குடுப்பாங்கன்னு காத்துட்டு இருப்போம். ஆனா வாண்டா கேட்டாங்க. போன அக்டோபர்ல கேட்டு வாங்கினாங்க. வாங்கிட்டு சும்மா இருந்தாங்களா? இல்ல. டிசம்பர்ல மறுபடியும் பிரெண்ட்கிட்டப் போயி, இந்தப் பதவி எனக்குச் சரியில்ல, மாத்துங்கன்னு கேட்டிருக்காங்க. பிரெண்ட் வந்து எங்கிட்டச் சொன்னாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இன்னைலேர்ந்து வாண்டா நம்ம கிளப்போட எக்ஸிக்யூட்டிவ் வைஸ் பிரசிடென்ட்."

நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முன் மேஜையில் பிரெண்ட்தான் முதலில் எழுந்து நின்று, கைகளை முகத்துக்கு நேரே தூக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் ஓனரம்மாவிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மாற்றச் சொல்லி நான் கேட்டது உண்மைதான். எந்தப் பக்கம் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

இந்தப் பதவிக்கு மேலே ஒரு கிளப்பில் இருப்பது பொது மேலாளர் ஒருவர்தான். இனி என்னை எந்த ஊரிலிருந்து யார் கேட்டாலும், பொது மேலாளராகவே கேட்டால் ஒழிய, அதே படிதான் என்று பிரெண்ட் சொல்லிவிடலாம். என்னைப் பொது மேலாளராகக் கேட்க எவனும் வரப்போவதில்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒப்பந்த காலம் முடிந்து நான் வெளியே வரும்போது மார்செல் நாஷ்வில்லில் இருப்பானா என்பதே சந்தேகம். தோற்கிற அணியின் பொது மேலாளரை யார் அவ்வளவு வருஷம் வைத்திருக்கிறார்கள்.

ஓனரம்மா மைக்கை என் கையில் கொடுத்தார். பிள்ளைகள் மேஜை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னமோ எனக்குள் அறுந்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, நடப்பது நடக்கட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நான் ஏத்தச் சொல்லிக் கேக்கல" என்றேன். "என்னைக் கீழ எறக்குங்கன்னுதான் கேட்டேன். இந்தக் கிளப்ப விட்டுப் போகணும்னு கேட்டேன்."

பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அதைத் தொடர்ந்து மேஜை மேஜையாகச் சிரிப்பு பரவி, கூடம் முழுக்கச் சிரித்தது. பிரெண்ட் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். ஓனரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பாத்தீங்களா" என்றார், "எவ்வளவு அடக்கம்."

மறுபடியும் கைதட்டினார்கள். அவர் கை என் தோளில் கனமாக இருந்தது. கைதட்டி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.